எட்டாத கம்பி

ஒரே ஒரு விமானத்துக்குள் 530 கிலோமீட்டர் மின்கம்பி. சென்னையிலிருந்து கோவை வரை இழுத்துக் கட்டினாலும் கொஞ்சம் மிஞ்சும். மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கம்பிகள், 40,300 இணைப்பிகள். ஏர்பஸ் நிறுவனத்தின் இரண்டடுக்கு விமானமான ஏ380-க்குள் இவ்வளவும் ஓடுகின்றன. கட்டத் தொடங்கிய காலத்தில் அந்தக் கம்பிகளில் பல, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சில சென்டிமீட்டர் முன்பாகவே நின்றுவிட்டன.

அந்தச் சில சென்டிமீட்டர் ஏர்பஸ்ஸின் கணக்குப் புத்தகத்தையே புரட்டிப் போட்டது. 2006 ஜூனில் இரண்டாவது முறையாகத் தாமதம் அறிவிக்கப்பட்ட மறுநாள், தாய் நிறுவனமான ஈ.ஏ.டி.எஸ். பங்கு ஒரே நாளில் 26 சதவீதம் சரிந்தது. ஜூலை பிறந்ததும் ஈ.ஏ.டி.எஸ்ஸின் இணைத் தலைவர் நோயல் ஃபோர்ஜார், ஏர்பஸ் தலைவர் குஸ்டாவ் ஹும்பர்ட் இருவரும் பதவி விலகினார்கள். சரிசெய்ய வந்த கிறிஸ்டியன் ஸ்ட்ரெய்ஃப் அக்டோபரில் மூன்றாவது தாமதத்தை அறிவித்தார். சுமார் நூறு நாள் பதவியில் இருந்துவிட்டு அவரும் கிளம்பினார். 2010 வரைக்குமான கணக்கில் 480 கோடி யூரோ லாபம் குறையும் என்றார்கள். சரக்கு விமானமாக ஏ380-ஐக் கேட்டிருந்த ஃபெட்எக்ஸ் 2006 நவம்பரில் ஆர்டரை ரத்து செய்தது, அடுத்த ஆண்டு யு.பி.எஸ்ஸும் விலகியது. அந்தச் சரக்கு விமானம் கடைசிவரை கட்டப்படவே இல்லை.

ஏ380-இன் பாகங்கள் நான்கு நாடுகளில் உருவாயின. முன், பின் உடற்பகுதிகள் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில், இறக்கைகள் பிரிட்டனின் பிராட்டனில், வாலின் கிடைமட்டப் பகுதி ஸ்பெயினில். கப்பலில் ஏற்றி பிரான்சின் போர்தோ பக்கத்துத் துறைமுகத்தில் இறக்கி, படகில் ஆற்று வழியாகக் கொண்டுபோய், பிறகு இரவு நேரங்களில் சாலையை மறித்து லாரித் தொடராக அதே நாட்டின் துலூஸ் நகரத்துக்குச் சேர்ப்பார்கள். கடலலை, ஆற்று நீர்மட்டம், கிராமத்துச் சாலைகளின் அகலம் எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பயணம் பிசகவில்லை. ஹாம்பர்க்கில் கம்பிக் கட்டுகளோடு அனுப்பிய பகுதிகளை துலூஸில் ஒன்றோடு ஒன்று சேர்க்கும்போதுதான் கம்பி எட்டவில்லை.

காரணம் என்று உலகம் முழுக்க எழுதப்பட்டது ஒரு மென்பொருள் விவகாரம். பிரான்சும் பிரிட்டனும் கேட்டியா என்கிற வடிவமைப்பு மென்பொருளின் ஐந்தாம் பதிப்புக்கு மாறிவிட்டிருந்தன. ஜெர்மனியும் ஸ்பெயினும் நான்காம் பதிப்பிலேயே இருந்தன. ஒன்றில் வரைந்தது இன்னொன்றில் முழுசாகத் திறக்காது. எடையைக் குறைக்க ஏ380-இல் பல இடங்களில் செம்புக் கம்பிக்குப் பதிலாக அலுமினியக் கம்பி போட்டார்கள். செம்பு வளைவது போல அலுமினியம் சின்ன வட்டத்தில் வளையாது, திருப்பத்துக்கு அதிக இடம் கேட்கும். மூலைக்கு மூலை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் அந்த நீளம் கணினி மாதிரியில் சரியாகப் பதியவில்லை. போதாக்குறைக்கு ஒவ்வொரு விமான நிறுவனமும் இருக்கைக்கும் திரைக்கும் விளக்குக்கும் தனித்தனி ஏற்பாடு கேட்டது. ஒரு மாற்றம் வந்தால் நூற்றுக்கணக்கான கம்பிகளின் பாதை மாறும்.

இவ்வளவும் உண்மைதான். ஆனாலும் மென்பொருள் மீது பழியைப் போட்டுவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை. இரண்டு பதிப்புகள் இருந்ததென்பது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே பதிப்பில் வேலை செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்த ஆள் இல்லை, அதுதான் விஷயம். ஏர்பஸ் அப்போது பெயரளவில்தான் ஒரே நிறுவனம். நாலு நாட்டுத் தேசியப் பெருமைகளைச் சேர்த்துக் கட்டிய கூட்டணி அது. ஹாம்பர்க்கில் கம்பியை வரைந்தவரும் துலூஸில் கம்பியைப் பிடித்து இழுத்தவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது, எல்லாம் கெட்டுப்போன பிறகுதான். ஜெர்மன் தொழில்நுட்பப் பணியாளர்கள் நூற்றுக்கணக்கில் துலூஸுக்கு வந்து விடுதிகளில் தங்கி, கம்பிகளைப் பிரித்து மறுபடி ஓட்டினார்கள். முதல் 25 விமானங்களின் கம்பி வேலை கிட்டத்தட்ட கையால் செய்து முடிக்கப்பட்டது. 2006-இல் வந்திருக்க வேண்டிய முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போனது 2007 அக்டோபர் 15 அன்று.

டிராயிங் கீழே போன பிறகு

இந்தக் கதை நடக்க ஏ380 அளவுக்குப் பெரிய விமானம் தேவையில்லை. அம்பத்தூரிலோ கோவை பீளமேட்டிலோ ஒரு மெஷின் ஷாப்புக்குள் நுழைந்து, அங்கே மூத்த ஆபரேட்டரிடம் டிராயிங் போடுகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் போதும், மத்தியானச் சாப்பாடு வரை பேசுவார்.

தகட்டை வளைக்கும் கோட்டுக்கு ஒட்டினாற்போல் துளை வரைந்திருப்பார்கள். வளைத்ததும் வட்டத்துளை முட்டை வடிவமாகி, போல்ட் இறங்காது. தகட்டின் தடிமனைப் போல இரண்டு மடங்காவது, அதோடு வளைவின் ஆரத்தையும் சேர்த்து, தள்ளிப் போட்டிருந்தால் தகராறே இல்லை. மில்லிங் கட்டர் உருளை வடிவம், சுழன்றுதான் வெட்டும். அதனால் குழிவின் உள்மூலை கட்டர் அளவுக்கு வளைந்துதான் வரும். கணினித் திரையிலோ மூலையைக் கச்சிதமான செங்கோணமாக வரைவது ஒரு கிளிக். அந்த ஒரு கிளிக்கை உலோகத்தில் கொண்டுவர ஸ்பார்க் எரோஷன் மெஷினுக்கு அனுப்ப வேண்டும், கூலி பல மடங்கு ஏறும். வார்ப்பில் பேட்டர்னை மணலிலிருந்து உருவ, பக்கச் சுவரில் ஒன்றிரண்டு டிகிரி சாய்வு வேண்டும். அது டிராயிங்கில் இருக்காது. எங்கே தேவையோ அங்கே மட்டும் கேட்க வேண்டிய நூறில் ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தை, பயத்திலோ பழக்கத்திலோ எல்லா அளவுக்கும் போட்டு வைத்திருப்பார்கள்.

டர்னரோ ஃபிட்டரோ இதற்காக உற்பத்தியை நிறுத்த மாட்டார். சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டுவார். இருவரும் பேசி, டிராயிங் மேல் சிவப்பு மையில் அளவைத் திருத்திக்கொண்டு வேலையை முடிப்பார்கள். பொருள் சரியாக வந்துவிடும். அந்தச் சிவப்பு மைத் தாள் கிரீஸ் படிந்து, மெஷின் பக்கத்து அலமாரியிலேயே தங்கிவிடும். மேலே டிசைன் ஆபீஸின் கணினியில் பழைய அளவு பழையபடியே இருக்கும். ஆறு மாதம் கழித்து அதே பாகம் வேறு வெண்டாருக்குப் போகும்போது, பழைய டிராயிங்கும் அதே தப்பும் புதிதாகப் புறப்படும். நம் தொழிற்சாலைகளில் அறிவு சேர்ந்து கிடக்கும் இடம் எது என்று கேட்டால் அந்த அலமாரியைத்தான் காட்டுவேன். அங்கே சேர்வது மாடிக்கு ஏறுவதில்லை.

முறைப்படி ஏற்ற வழி உண்டு. பொறியியல் மாற்றக் குறிப்பு என்று ஒரு படிவம், பேச்சுவழக்கில் ஈ.சி.என். டிசைன், தரம், கொள்முதல், உற்பத்தி என நான்கைந்து கையெழுத்து வாங்க வேண்டும். அது முடிய வாரக்கணக்கில் ஆகும் என்றால், சிவப்பு மைதான் ஜெயிக்கும். யாரையும் குறை சொல்ல முடியாது.

இரு தரப்பும் வைத்திருக்கும் பாகப் பட்டியல்களே ஒத்துப்போகாது. கல்யாணச் சாப்பாட்டின் மெனு வேறு, சமையல் மாஸ்டர் கேட்கும் மளிகைப் பட்டியல் வேறு என்பது போல. டிசைன் ஆபீஸ் பட்டியல் இன்ஜின், பிரேக், மின்சாரம் என்று பணியின்படி அடுக்கியிருக்கும். ஆலையின் பட்டியல், எந்த ஸ்டேஷனில் எது முதலில் ஏறும் என்ற வரிசையில் இருக்கும். பசை, பெயின்ட், கிரீஸ், பாகம் வந்திறங்கும் பெட்டி எல்லாம் அதில் உண்டு, முதல் பட்டியலில் இருக்காது. இரண்டையும் யாரோ ஓர் இளைஞர் எக்செல் தாளில் கையால் பொருத்திக்கொண்டிருப்பார். அவர் லீவு போட்ட அன்று ஆலைக்குள் தப்பான போல்ட் வரும்.

கையால் எழுதிய ஒரு பக்கம்

ஏர்பஸ்ஸுக்கு முன்பே போயிங் இதே சிக்கலைக் கண்டிருந்தது, அதற்கு ஒரு விடையும் கண்டுபிடித்தது. 1990 அக்டோபரில் யுனைடெட் ஏர்லைன்ஸ் 34 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தபோது, இரு தரப்பும் சேர்ந்து எப்படி வேலை செய்வது என்று கையால் எழுதிய ஒரு பக்கத்தில் கையெழுத்திட்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 777.

அதற்கு முன்பெல்லாம் போயிங்கில் டிராயிங் முடிந்ததும் பிளைவுட்டிலும் பிறகு உலோகத்திலும் முழு அளவு மாதிரி கட்டி, குழாய் எங்கே முட்டுகிறது என்று பார்ப்பார்கள். 777-க்கு அந்த மாதிரியைக் கணினிக்குள்ளேயே கட்டினார்கள். நிஜத்தில் கட்டிப் பார்த்தது மூக்குப் பகுதியை மட்டும். இதற்கும் அதே கேட்டியாதான். ஆக, மென்பொருள் குற்றவாளி இல்லை.

கணினியைவிடப் பெரிய மாற்றம் ஆட்களை உட்கார வைத்த விதம். 238 அணிகள். ஒவ்வோர் அணியிலும் வரைகிறவர், கருவி செய்கிறவர், ஆலையில் பொருத்துகிறவர், வாங்குகிறவர், கணக்குப் பார்க்கிறவர் எல்லோரும் இருந்தார்கள். வாங்கப்போகிற நிறுவனத்து மெக்கானிக்குகள்கூட வந்து உட்கார்ந்தார்கள். இறக்கையில் எரிபொருள் நிரப்பும் பலகை இருக்கும் உயரத்துக்கு எங்கள் லாரி எட்டாது என்று யுனைடெட்காரர்கள் சொல்ல, அது காகிதத்தில் இருக்கும்போதே இடம் மாறியது. கட்டி முடித்த பிறகு சொல்லியிருந்தால் அந்தப் பலகை இன்னும் அங்கேயேதான் இருந்திருக்கும், விமான நிலையத்துக்கு விமான நிலையம் புது லாரி வாங்கியிருப்பார்கள்.

முதல் 777-ஐப் பொருத்தி அளந்தபோது உடற்பகுதியின் நேர்த்தி 0.023 அங்குலம்தான் விலகியிருந்தது. அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், ஒரு சீட்டுக்கட்டு அட்டையின் தடிமன் என்றது போயிங். பெரும்பாலும் விமானப் பாகங்கள் அரை அங்குலம் வரை விலகுவது அந்நாளில் சாதாரணம். 1994 ஜூனில் முதல் பறப்பு, 1995 ஜூனில் பயணிகளோடு லண்டனிலிருந்து வாஷிங்டனுக்கு.

திட்டத்தை நடத்தியவர் ஆலன் முல்லாலி. 2006 செப்டம்பரில் அவர் ஃபோர்டு கார் கம்பெனியின் தலைவராகப் போனார். அந்த ஆண்டு ஃபோர்டின் நஷ்டம் 1,200 கோடி டாலருக்கு மேல். ஆனால் வாராந்தரக் கூட்டத்தில் உயரதிகாரிகள் காட்டிய அட்டவணைகள் எல்லாம் பச்சை. பச்சை என்றால் எல்லாம் நலம், சிவப்பு என்றால் சிக்கல். இத்தனை ஆயிரம் கோடி போகிறது, ஒன்றுகூடவா சரியில்லாமல் இல்லை என்று கேட்டார் முல்லாலி. யாரும் வாயைத் திறக்கவில்லை. முந்தைய ஆட்சியில் சிவப்பு காட்டியவர்களின் கதி அவர்களுக்குத் தெரியும்.

ஒருநாள் அந்த உயரதிகாரிகளில் ஒருவரான மார்க் ஃபீல்ட்ஸ் ஒரு சிவப்பைக் காட்டினார். கனடாவின் ஓக்வில் ஆலையில் தயாராகியிருந்த எட்ஜ் என்ற புதுக் காரின் பின்கதவைத் தூக்கும் பாகத்தில் கோளாறு, அறிமுகத்தை நிறுத்திவிட்டேன் என்றார். அறையில் இருந்தவர்கள், இவர் வேலை போயிற்று என்று நினைத்தார்கள். முல்லாலி கை தட்டினார். யார் உதவலாம் என்று கேட்டார். தரப்பிரிவுக்காரர் வேறு வண்டியில் இதைப் பார்த்திருப்பதாகச் சொன்னார், கொள்முதல்காரர் சப்ளையரிடம் பேசுவதாகச் சொன்னார், உற்பத்தித் தலைவர் ஆட்களை அனுப்புவதாகச் சொன்னார். எல்லாம் சில நிமிடங்களில். அடுத்தடுத்த வாரங்களில் திரை வானவில் ஆனது.

நிர்வாகவியல் வகுப்புகளில் இது தலைமைப் பண்புக்கான கதையாகச் சொல்லப்படுகிறது. எனக்கு இதில் தெரிவது வேறு. அந்தக் கோளாறுக்கான விடை அந்த அறையில் ஏற்கெனவே இருந்தது. கேள்வியைச் சொல்லத்தான் பயம். டிசைனையும் ஆலையையும் இணைக்கிறோம் என்று கோடிக்கணக்கில் மென்பொருள் வாங்குகிற நிறுவனங்கள், பொருந்தாத பாகத்தைப் பற்றி முதலில் சொன்னவருக்கு என்ன நடந்தது என்று ஒருமுறை விசாரித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம். சொன்னவர் தலையில்தான் தாமதம் விடியும் என்றால், எந்த மென்பொருளிலும் பச்சைதான் தெரியும்.

முல்லாலியை மகானாக்கவும் வேண்டாம். 787 திட்டத்தை போயிங் 2004-இல் தொடங்கியபோது பயணிகள் விமானப் பிரிவின் தலைவர் அவர்தான். 777-இல் ஒரே மேசைக்குக் கொண்டுவந்ததை 787-இல் உலகெங்கும் பிரித்துக் கொடுத்தார்கள். இறக்கை ஜப்பானில், உடற்பகுதிகள் இத்தாலியிலும் ஜப்பானிலும் அமெரிக்காவின் வேறு வேறு மாநிலங்களிலும். வரைவதும் பெருமளவு அந்தந்த சப்ளையர் பொறுப்பு. கம்பியும் குழாயும் உள்ளே பொருத்தியே வந்துசேரும், போயிங்கின் எவரெட் ஆலையில் மூன்று நாளில் ஒட்டிவிடலாம் என்பது கணக்கு. போயிங்கின் சொந்தப் பொறியாளரான ஹார்ட்-ஸ்மித் 2001-லேயே, வேலையை இப்படி வெளியே கொடுத்தால் லாபம் சப்ளையருக்கும் ஆபத்து நமக்கும் வரும் என்று ஒரு கட்டுரையே வாசித்திருந்தார். வாசித்தது போயிங்கின் உள்மாநாட்டில்தான். கேட்டவர்கள் கேட்டதோடு சரி.

2007 ஜூலை 8-ஆம் தேதி, அமெரிக்க வழக்கில் தேதியை எழுதினால் 7/8/07 என்று வரும் நாளாகப் பார்த்து, 787-ஐ உலகத்துக்குக் காட்டினார்கள். வெளியே பளபளப்பு, உள்ளே பாதி காலி. விமானத்துக்கான ஃபாஸ்டனர்கள் தட்டுப்பாடாக இருந்ததால் பல இடங்களில் தற்காலிக ஃபாஸ்டனர்களைப் போட்டு நிறுத்தியிருந்தார்கள். சப்ளையர்கள் முடிக்காத வேலை பகுதிகளோடு சேர்ந்தே எவரெட்டுக்கு வந்தது, எதை முடித்தார்கள் எதை விட்டார்கள் என்ற காகிதம் சரியாக வரவில்லை. முதல் பறப்புக்கு 2009 டிசம்பர் ஆயிற்று, முதல் விமானம் கை மாற 2011 செப்டம்பர். நடுவில் தென் கரோலினாவில் உடற்பகுதி செய்த வாட் நிறுவனத்தின் ஆலையை போயிங்கே வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. 777-ஐக் கட்டிய அதே கம்பெனி இது. ஒருமுறை கற்றால் போதும் என்று இந்த விஷயத்தில் விட்டுவிட முடியாது.

ஏர்பஸ் பக்கத்தில் பாடம் கொஞ்சம் ஒட்டியது. அடுத்த விமானமான ஏ350-க்குக் கூட்டாளிகள் எல்லோரும் ஒரே கணினி மாதிரியில், ஒரே பதிப்பில் வேலை செய்தார்கள். அதுவும் திட்டமிட்டதைவிடத் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் கம்பி எட்டியது.

மகேந்திரா சிட்டியும் ஒரகடமும்

இது நமக்கு வெளியூர்க் கதை அல்ல. சென்னையைச் சுற்றிக் கார் ஆலைகள் எவ்வளவோ, கார் வரையும் அலுவலகங்களும் அவ்வளவு. ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்களில், தாங்கள் பார்த்தே இராத அமெரிக்க, ஐரோப்பிய ஆலைகளுக்காகப் பாகம் வரையும் ஆயிரக்கணக்கான இளம் பொறியாளர்கள் இருக்கிறார்கள். படித்து முடித்துப் பத்தாண்டு வரைந்தும் ஒரு பிரஸ் மெஷினின் சத்தத்தைக் கேட்காதவர்கள் அவர்களில் உண்டு. அவர்கள் குற்றம் அல்ல, அவர்களை அப்படி உட்கார வைத்திருக்கிறார்கள். ஹாம்பர்க்குக்கும் துலூஸுக்கும் நடுவே நாட்டு எல்லை இருந்தது. இங்கே சில இடங்களில் நடுவே இருப்பது ஒரு டெண்டர்.

மாறாக நடந்த ஒன்றும் இதே வட்டாரத்தில் உண்டு. ரெனோ-நிசான் கூட்டணியின் ஆலை ஒரகடத்தில் 2010-இல் திறந்தது, தொழில்நுட்ப மையம் செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா சிட்டியில். க்விட் என்ற சின்னக் காரை உருவாக்கும் பொறுப்பு ஜெரார் டெத்தூர்பே என்பவரிடம் வந்தது. ருமேனியாவின் விலை மலிவான டேசியா கார்களை நடத்திப் பழகிய பிரெஞ்சுக்காரர். பாரிஸிலிருந்தே மெயில் அனுப்பிக்கொண்டு இருந்திருக்கலாம். சென்னைக்கே வந்து தங்கி வேலை பார்த்தார்.

பாகத்தை வரைந்துவிட்டு விலை கேட்கும் வழக்கத்தை அந்தத் திட்டத்தில் திருப்பிப் போட்டார்கள். இந்தப் பாகத்துக்கு இவ்வளவுதான் விலை என்று முதலில் எழுதி, வரைகிறவரும் வாங்குகிறவரும் ஜோடியாக உட்கார்ந்து, சப்ளையரையும் வைத்துக்கொண்டு வரைந்தார்கள். சப்ளையரின் அச்சில், மெஷினில் எது சுலபமாக வரும் என்பது அப்போதுதான் வரைகிறவர் காதுக்குப் போகும். சக்கரத்துக்கு நான்கு நட்டுக்குப் பதில் மூன்று. முன்கண்ணாடிக்கு ஒரே வைப்பர். உதிரிபாகங்களில் 98 சதவீதம் உள்நாட்டிலேயே வாங்கியவை. 2015 செப்டம்பரில் வெளியானபோது தொடக்க விலை 2.57 லட்சம் ரூபாய். ஆலையையும் பொறியாளரையும் வெண்டாரையும் ஒரே ஊரில் ஒரே பேச்சில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே கிடைக்கிற சாட்சி இது.

ஆனால் அதே க்விட்டை 2016 மே மாதம் கார் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு மோதிப் பார்த்தபோது, சோதித்த மூன்று வகைக்கும் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்யம் நட்சத்திரம். ஏர்பேக் வைத்த வகைக்கும் பூஜ்யம்தான். சில மாதங்களில், உடற்கூட்டில் வலுவூட்டிய, ஓட்டுநர் ஏர்பேக் உள்ள வகைக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. ஒவ்வொரு பாகத்தின் விலையையும் கிராமையும் கேள்வி கேட்க அந்த மேசையில் ஆட்கள் இருந்தார்கள். மோதலில் முன்சீட்டுக்காரர் என்ன ஆவார் என்று அதே பிடிவாதத்தோடு கேட்கும் நாற்காலிக்கு, விலை எழுதும் முதல் நாளிலேயே அங்கே இடம் இருந்ததா என்பதை அந்த மதிப்பெண்ணை வைத்து வாசகரே சொல்லிவிடலாம்.